ஏழு அங்குலச் சமத்துவம்

மனிதகுலம் இதுவரை செய்துகொண்ட உடன்படிக்கைகளில் மிக மேன்மையானது எது என்று கேட்டால், நாட்டு எல்லை, அணுகுண்டுத் தடை, திருமணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர்கள் யாரும் 1997-இல் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில் இல்லை. இருந்திருந்தால் ஏழு அங்குல இசைத்தட்டு என்று ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள். ஒரு தட்டு, இரண்டு இசைக்குழுக்கள். இந்தப் பக்கம் ஒருவர் பாட்டு, அந்தப் பக்கம் இன்னொருவர் பாட்டு. நடுவில் ஓர் ஓட்டை, அது மட்டும் பொது.

அப்படி ஒரு தட்டில் ஒரு பக்கம் நாங்கள். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாங்கள் என்றால் 'ஷிஃப்ட் மாற்றம்' என்ற குழு. ரோண்டா பாஸ்டரெக் ஆகிய நான் பாடுவேன், பேஸ் கிட்டார் வாசிப்பேன். கில் டிரம்ஸ் அடிப்பான். பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பான். கிட்டார் வாசிக்க வந்தவர்கள் என் கோபம் தாங்காமல் மூன்று வாரத்துக்கு ஒருவராகக் கழன்றுகொண்டதால் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டோம். மறுபக்கம் 'வடக்கு ஜன்னல்களின் மௌனம்'. நான்கு பேர். அதில் பிரெஸ்டன் ஆல்காட் பாடுவான், பேசுவான். மற்ற மூவரும் குழுவின் பெயரைக் காப்பாற்றினார்கள்.

இரண்டு குழுவும் வாசித்தது போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற ராக் இசை. ஹார்ட்கோர்காரர்கள் யோசிக்காமல் கத்துவார்கள். நாங்கள் யோசித்துவிட்டுக் கத்துவோம். இதற்குப் பெரும்பாலும் ஒரு பட்டப்படிப்பு தேவைப்படும்.

என்னிடம் அது இருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் நேர்ந்த பயன் இரண்டு. நகல் எடுக்கும் கடையில் வேலை கிடைத்தது. என் அப்பாவுக்கு நடந்ததற்குச் சமூகவியலில் ஒரு கலைச்சொல் இருப்பது தெரியவந்தது. அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. அவருக்கு நடந்தது மட்டும்தான் தெரியும்.

நடந்தது இது. அப்பா இருபத்தாறு வருடம் கண்ணாடி ஃபேக்டரியில் உலை பார்த்தார். நிர்வாகம் ஐந்து சட்டை கொடுத்திருந்தது, ஒவ்வொன்றிலும் பையின் மேல் சிவப்பு நூலில் 'லியோ' என்று அவர் பெயரைத் தைத்திருக்கும். ஃபேக்டரியை மூடிய அன்று சட்டைகளைத் திருப்பிக் கேட்டார்கள். அம்மா நான்கைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் வைத்துக் கொடுத்தாள். ஐந்தாவதை அப்பா போட்டிருந்தார். வாசலில் நின்ற ஆள் பட்டியலைப் பார்த்து, இன்னொன்று பாக்கி என்றான். பிப்ரவரி மாதம். அப்பா அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு காரோட்டி வந்து, கராஜ் வழியாக நுழைந்து, பழைய கோட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார். அதை யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. நான் மாடி ஜன்னலில் இருந்தேன். வாசலில் நடந்ததை அவரோடு வேலை பார்த்த ஒருவரின் மகள் பிறகு சொன்னாள்.

அதுதான் என் பாட்டு. 'ஐந்து சட்டை'. மூன்று நிமிடம். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்தில் பதிந்தது.

பிரெஸ்டனின் பாட்டு ஏழு நிமிடம். ஒருவர் கடிதம் போடவில்லை என்பது அதன் பொருள். தலைப்பு மட்டும் பதினோரு சொல். அவ்வளவு நீளத்தை ஏழு அங்குலத்தில் அடக்க வேண்டுமானால் முப்பத்து மூன்று சுற்றில்தான் பதிய முடியும்.

தட்டை வெளியிடும் நிறுவனத்தின் பெயர் 'சின்ன மன்னிப்பு'. நிர்வாக இயக்குநர், கணக்காளர், கிடங்குக் காவலர் எல்லாம் நீல் டோம்ப்ரோ என்ற ஒரே ஆள். தலைமையகம் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரி. அந்த மாடிப்படி இருந்தது பிரெஸ்டன் குழுவினர் வாடகைக்கு இருந்த 'கரடி வீட்டில்'. முற்றத்தில் ஒரு சிமெண்ட் கரடி நின்றதால் அந்தப் பெயர்.

கரடி வீட்டின் கூட்டங்கள் ஐக்கிய நாடுகள் சபை பார்த்துக் கற்க வேண்டியவை. அங்கே பெரும்பான்மை கிடையாது. ஒருவர் தடுத்தாலும் தீர்மானம் விழும். கைதட்டக் கூடாது, கைதட்டல் கிடைக்காதவர் மனம் புண்படும். ஒப்புதலைத் தெரிவிக்கப் பத்து விரலையும் தலைக்கு மேலே தூக்கி, மழை பெய்வதுபோல் ஆட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'என் பாட்டு' என்ற சொல் தடைசெய்யப்பட்டது. 'என்' என்று சொன்னவர் அந்த வாரம் முழுக்க வீட்டுப் பாத்திரம் கழுவ வேண்டும். அந்தக் கழுவுதொட்டியை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தண்டனையின் கடுமை புரியும். இந்த விதியை முன்மொழிந்த அறிவுஜீவி யார் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்காது.

தட்டின் முகப்பு பற்றிய கூட்டத்தில் நீல் அப்பாவியாகக் கேட்டான்.

"ஏ பக்கம் யாருது, பி பக்கம் யாருது? அச்சகத்துக்கு நாளைக்குச் சொல்லணும்."

நான் எழுந்தேன். இருபது நிமிடம் பேசினேன். ஏ என்று எழுதும் கணத்தில் ஒருவர் மேலே போகிறார், ஒருவர் கீழே போகிறார் என்றேன். பெயர் என்பது உடைமையின் வேலி என்றேன். 'படிநிலை' என்ற சொல்லைப் பதினான்கு முறை சொன்னேனாம். கில் எண்ணியிருக்கிறான்.

"சரிம்மா, ஏ பி வேணாம்," என்றான் நீல். "குழு பேரு போடலாம்ல?"

"வேணாம்."

"பாட்டு பேரு?"

"அதுவும் வேணாம்."

"வேகத்தையாவது போட்டுக்கிறேனே. உங்களுது நாப்பத்தஞ்சு, அவங்களுது முப்பத்துமூணு. போடலன்னா ஜனங்க எப்படிக் கேப்பாங்க?"

"நாப்பத்தஞ்சு பெருசா, முப்பத்துமூணு பெருசா?"

"நாப்பத்தஞ்சு."

"அப்ப அதுவும் படிநிலைதான்."

அறையெங்கும் விரல்கள் மழையாகப் பெய்தன. பிரெஸ்டனுக்குக் கண் கலங்கியிருந்தது. "நீ பேசினா எங்க அப்பா மேலயே எனக்குக் கோபம் வருது, ரோண்டா," என்றான். அவன் அப்பா பல் மருத்துவர். மன்றோ சாலையில் ஆளுயரப் பல் ஒன்றின் கீழே 'ஆல்காட்' என்று ஒளிரும் எழுத்தில் இருக்கும், நெடுஞ்சாலையிலிருந்தே படிக்கலாம்.

ஐந்நூறு தட்டுகள் வந்தன. இரண்டு பக்கமும் வெள்ளை வட்டம், ஓர் எழுத்து இல்லை. உறைக்குள் வைக்கும் காகிதத்தில் இரண்டு குழுக்களின் பெயரையும் வட்டமாக அச்சடித்தோம், எது முதலில் வருகிறது என்று கடவுளாலும் சொல்ல முடியாதபடி. தரையில் உட்கார்ந்து பருப்பு சூப் குடித்துக்கொண்டே ஐந்நூறு உறை மடித்தோம். உலகம் திருந்த இன்னும் சில வாரமே இருப்பதாக எனக்குத் தோன்றியது.

சிகாகோவில் 'கம்பி வேலி' என்று ஒரு பத்திரிகை. அதில் நாலு நல்ல வார்த்தை வந்துவிட்டால் நாடு முழுக்கப் போய் வாசிக்கலாம், முழு நீளத் தட்டும் போடலாம். பிரெஸ்டன் அதற்கு ஒரு பிரதி அனுப்பினான், கடிதத்தோடு. 'ஷிஃப்ட் மாற்றம்' குழுவில் பாடுவது ரோண்டா பாஸ்டரெக் என்ற பெண் என்பதை அதில் குறிப்பிட்டிருந்தான். தட்டில் பெயரைக் கடந்த ஆள், கடிதத்தில் பெயரையும் பாலினத்தையும் கடக்க மறந்துவிட்டான்.

ஐந்து வாரம் கழித்து கில் தபால் சீருடையோடு நகல் கடைக்கு வந்து பத்திரிகையை மேஜையில் போட்டான்.

"உக்காந்து படி," என்றான்.

"நிக்கிறேன், சொல்லு."

"உக்காருன்னு சொல்றேன்ல."

விமர்சகர் பெயர் டெரன்ஸ் வில்கி. ஆசிரியரும் அவரே. முதலில் பிரெஸ்டனின் பக்கத்தைப் போட்டிருக்கிறார், அது முப்பத்து மூன்றில் சரியாக ஓடியிருக்கிறது. தட்டைத் திருப்பியவர் வேகத்தைத் திருப்பவில்லை. ஏன் திருப்ப வேண்டும்? எங்கேயாவது எழுதியிருந்ததா?

என் பாட்டு முப்பத்து மூன்றில் ஓடியிருக்கிறது. அந்த வேகத்தில் என் குரல், ஐம்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். பிரெஸ்டனின் குரலோ சரியான வேகத்திலேயே மெல்லிசு. அப்புறம் வில்கி கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். ஆகவே:

'பிரெஸ்டன் ஆல்காட்டின் குரல் மண்ணுக்கடியிலிருந்து வருகிறது. வேலையிழந்த தந்தையின் சட்டைகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணும்போது ஒரு தலைமுறை ஆண்களின் தொண்டை அடைப்பு திறக்கிறது. இந்த நிதானம், இந்த அடக்கம், இவ்வாண்டின் மிக முக்கியமான பாடல். மறுபக்கத்தில் செல்வி பாஸ்டரெக். இனிமையான, மெல்லிய குரல். ஆனால் ஏழு நிமிடமும் யாரோ கடிதம் போடாததைப் பற்றியே பாடுகிறார். தன் சொந்தச் சோகத்தைத் தாண்டி வெளியே பார்க்க இந்தப் பெண் இன்னும் கற்க வேண்டும்.'

"உன்னை ஆம்பளையாக்கி பிரெஸ்டனைப் பொம்பளையாக்கிட்டான்," என்றான் கில். "அதுலயும் பொம்பளைக்குத்தான் திட்டு."

கடைசி வரியில் ஒரு செய்தி இருந்தது. ஏப்ரலில் சிகாகோவில் பத்திரிகை நடத்தும் விழாவில் 'வடக்கு ஜன்னல்களின் மௌனம்' வாசிக்க அழைக்கப்படுகிறது. எண்ணூறு பேர் வருவார்கள்.

மறுநாள் பிரெஸ்டன் கடைக்கு வந்தான், இழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு.

"நேத்து முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கல, ரோண்டா."

"ஒரு கார்டு வாங்கி, தப்பா எழுதியிருக்கீங்கன்னு ரெண்டு வரி எழுதிப் போடு. இறங்கிடும்."

"எழுதலாம். எழுதினா, இது இவங்க பாட்டு, அது அவங்க பாட்டுன்னு பிரிக்கிற மாதிரி ஆயிடுமே. நாம அதையெல்லாம் தாண்டி வந்துட்டோம்னு நினைச்சேன்."

"அப்ப சிகாகோ போறியா?"

"நான் போகல. பாட்டு போகுது. நான் அதைச் சுமந்துட்டுப் போறேன், அவ்வளவுதான்."

நகல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொண்டையைச் செருமினான்.

"ஒரே ஒரு சந்தேகம். நாலு சட்டை பையில இருக்குன்னு வருது. அஞ்சாவது எங்க? அது குறியீடு தானே?"

"இல்ல. அதை எங்கப்பா போட்டிருந்தாரு."

"ஓ," என்றான். "குறியீடாவே வச்சுக்கட்டுமா? எனக்கு உணர்ந்து பாட வசதியா இருக்கும்."

உண்மை வெளியே வந்தால் 'மெல்லிய குரல் பெண்' யார் என்பதும் வெளியே வரும். அந்தக் காரணத்தை அவன் சொல்லவில்லை. கொள்கை கைவசம் இருக்கும்போது காரணத்துக்கு என்ன அவசியம்? அந்தக் கொள்கையையும் நானேதான் இலவசமாகத் தயாரித்துக் கொடுத்திருந்தேன்.

கடை ஃபோனிலிருந்து சிகாகோவுக்குப் பேசினேன்.

"வில்கி சார், நான் டொலிடோலேர்ந்து ரோண்டா பாஸ்டரெக்."

"ஆ, சொல்லுங்க. விமர்சனத்தைப் படிச்சு வருத்தப்பட்டிருப்பீங்க. வளர்ற வயசு, விட்டுடாதீங்க."

"அந்தச் சட்டைப் பாட்டு நான் பாடினது. நீங்க வேகம் மாத்திப் போட்டுட்டீங்க. நாப்பத்தஞ்சுல போட்டுப் பாருங்க."

"தட்டுல அப்படி எழுதலையே."

"எழுதல. அது எங்க... கொள்கை."

"இருங்க." ஊசி உரசும் சத்தம். பிறகு தூரத்தில் என் குரல், என் வேகத்தில். பதினைந்து விநாடி கேட்டிருப்பார். எடுத்துவிட்டார். "ஆமாம்மா, இப்படியும் ஓடுது. ஆனா இது யாரோ ஒரு பொண்ணு கோவமாக் கத்துற மாதிரி இருக்கு. முப்பத்துமூணுல ஒரு மனுஷன் பேசுறான். ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா யாரு ஒத்துப்பாங்க?"

"யாரோ ஒரு பொண்ணு இல்ல. நான்தான்."

"அதான் சொல்றேன்," என்றார் அன்பாக. "அவரை மாதிரி நிதானம் உங்களுக்கும் ஒருநாள் வரும்."

ஃபோனை வைத்துவிட்டு ஆத்திரம் தீர வில்கிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபால்தலை ஒட்டிப் பைக்குள் வைத்தேன்.

விமர்சனத்தால் ஐந்நூறும் தீர்ந்தன. இரண்டாம் பதிப்புக்காகக் கரடி வீட்டில் மீண்டும் கூட்டம். இந்த முறை முப்பது பேர். புகழ் வந்தால் சமத்துவத்துக்கும் கூட்டம் சேரும். நீல் என்னைப் பார்த்தபடியே கேட்டான். "இந்தத் தடவை பேரும் வேகமும் போட்டுடலாமா? வர்ற கடிதம் எல்லாம் குழப்பமா இருக்கு."

நான் எழுந்தேன். சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"போடணும். ஏன்னா அந்த ஒரு பக்கம்... அந்தப் பாட்டு... அது வந்து எ..."

முப்பது பேரும் கழுவுதொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த இடைவெளியில் பிரெஸ்டன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். போன கூட்டத்தின் குறிப்பு. நிதானமாக, அடக்கமாக, மண்ணுக்கடியிலிருந்து வர முயலும் குரலில் வாசித்தான்: "'பெயர் போடுகிறவன் தன் பாட்டை மட்டும் வைத்துக்கொள்வதில்லை, அடுத்தவன் மௌனத்தையும் வைத்துக்கொள்கிறான்.'"

பின்வரிசையில் ஒரு பெண் பெருமூச்சு விட்டாள். "யாரு சொன்னது இது?"

"ரோண்டா பாஸ்டரெக்," என்றான் பிரெஸ்டன்.

அவள் பெயரோடு எழுதிக்கொண்டாள். எழுத்துக்கூட்டலும் கேட்டாள். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னை மேற்கோள் காட்டுகிறார். முப்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பட்டமளிப்பு விழாவில்கூட யாரும் அப்படிப் பார்க்கவில்லை. பெயரே வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு விரல்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன.

கில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். "நான் தடுக்கிறேன்," என்றான். "அந்தப் பாட்டு..."

ஒருவர் தடுத்தால் போதும். தீர்மானம் விழுந்திருக்கும். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

"உக்காருடா," என்றேன். என் பத்து விரலும் ஆடிக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு மதியம் வீட்டுக்குப் போனேன். அப்பா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டையை வெங்காயத்தோடு வதக்கித் தட்டில் வைத்துக்கொண்டு, டிவியில் டெட்ராய்ட் அணி தோற்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டு போட்டிருக்கியாமே," என்றார். "கில்லோட அம்மா கடைல பார்த்துச் சொன்னா. எங்களுக்கெல்லாம் காட்ட மாட்டியா?"

அம்மா பழைய கிராமஃபோன் பெட்டியின் மேலிருந்த பீங்கான் வாத்துகளை இறக்கி வைத்தாள். நான் தட்டைச் சுழலவிட்டேன். குமிழ் முப்பத்து மூன்றில் இருந்தது. அதை நான் தொடவில்லை. ஒரு சோதனை என்று சொல்லிக்கொண்டேன்.

"எது நீ?" என்றார் அப்பா.

"ரெண்டையும் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

முதலில் பிரெஸ்டன் ஏழு நிமிடமும் அழுதான். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்து, மரியாதையாக உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

"நல்லா இருக்கு, ரோண்டி. கொஞ்சம் இழுக்குது, அவ்வளவுதான்." பிறகு அம்மாவைப் பார்த்துத் தணிந்த குரலில், "யாரு அந்தக் கடிதம் போடாத பய? நம்மகிட்ட சொல்லவே இல்லையே."

தட்டைத் திருப்பினேன்.

மண்ணுக்கடியிலிருந்து அந்த ஆள் எண்ணத் தொடங்கினான். ஒன்று. இரண்டு. அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். மூன்று. நான்கு. ஐந்தாவது சட்டை வந்தபோது கை தன்னிச்சையாக மார்புப் பைக்குப் போனது. பாட்டு முடிந்து ஊசி உரசிக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"யாரு இந்தப் பையன்?"

"ஏன்பா?"

"இவங்கப்பா நம்ம ஃபேக்டரில இருந்திருக்கணும். வாசல்ல நடந்ததை அப்படியே சொல்றான். நான் உங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல பையன். அப்பாவைக் கவனிச்சுப் பாத்திருக்கான்."

"அப்பா, அது நான்."

"சும்மா இரு."

குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பி, ஊசியை முதலில் வைத்தேன். என் குரல் அறைக்குள் வந்தது. கூர்மையாக, மூச்சு வாங்க, என் வயதில். அப்பா கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"ஆமா," என்றார் மெதுவாக. "நீதான்." எனக்காக அவர் சங்கடப்படுவது தெரிந்தது. "ஏம்மா இவ்வளவு கோபம்? கேக்கவே பதறுது." பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பையனை மறுபடி போடேன். அவன் சொன்னா உக்காந்து கேக்க முடியுது."

வில்கி அங்கே இல்லை. பிரெஸ்டன் இல்லை. விரலை ஆட்ட ஒருவரும் இல்லை. என் அப்பா, என் அம்மா, என் பாட்டு, நான். குமிழை முப்பத்து மூன்றுக்குத் திருப்பியது என் கை.

அந்த ஆள் மீண்டும் எண்ணினான். நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். விமர்சகருக்கு எழுதிய கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது, அனுப்பவில்லை. ஏனென்றால் அவன் ஐந்தாவது சட்டையைக் கழற்றியபோது, இத்தனை வருடங்களிலேயே முதல்முறையாக, அது உண்மையாகவே நடந்தது என்று நானும் நம்பினேன்.